புகையில்லா அடுப்பும் விதைப் பூண்டும்

எண்பதுகளின் நடுவில் நான் கொடைக்கானல் மலையில் கிராம சேவிகாவாக இருந்தேன். பழனி அடிவாரத்திலிருந்து மாற்றலாகி மேலே வந்தவள். பால்வாடியைப் பார்த்துக்கொள்வது, தடுப்பூசி முகாமுக்கு ஆள் திரட்டுவது, தையல் வகுப்புக்குப் பெண்களைச் சேர்ப்பது என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை கிடந்தது. அத்தோடு புகையில்லா அடுப்பும் வந்து சேர்ந்தது.

திட்டம் நல்ல திட்டம். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. மலை வீடுகளில் சன்னல் சின்னது. குளிருக்குப் பயந்து அதையும் சாக்கு வைத்து அடைத்திருப்பார்கள். உள்ளே நாள் முழுக்கச் சீகை மரத்து விறகு எரியும். சமைக்கிற பெண்களுக்குக் கண் சிவந்தே இருக்கும், இருமல் விடாது. அதற்காக மண்ணில் இரட்டை அடுப்பு கட்டி, பின்னால் ஒரு சிமெண்டுக் குழாயை நிறுத்தி, கூரை வழியாகப் புகையை வெளியே அனுப்பிவிட வேண்டும். அடுப்பின் நீளம், அகலம், விறகு வைக்கும் வாயின் அளவு எல்லாம் ஒரே தாளில் படமாக வந்திருந்தது. எந்த ஊர் அடுப்படியைப் பார்த்து அதை வரைந்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மாவட்டத்துக்கு இத்தனை, ஒன்றியத்துக்கு இத்தனை என்று இலக்கு இறங்கி வந்தது. என் பங்குக்குப் பூண்டி கிராமம் விழுந்தது.

கட்டி மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்து ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'பயன்பாட்டில் உள்ளதா? ஆம் / இல்லை' என்றிருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் வேறு கிராமங்களுக்கு எழுதிய பக்கங்களைப் புரட்டினேன். மேலே ஒரு ஆம் எழுதி, பக்கம் முடியும்வரை கீழே மேற்படி, மேற்படி என்று போட்டிருந்தார்.

பூண்டியில் முதலில் ஒத்துக்கொண்டவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண். அக்கா என்று கூப்பிடுவேன். அவரும் கணவரும் சரிவு நிலத்தில் பூண்டும் காரட்டும் போடுபவர்கள். காரட் மூட்டைகள் லாரியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்கும். பூண்டில் அடுத்த போகத்துக்கான விதையை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

"கண்ணு எரியாதுக்கா. சட்டி கரிப்பிடிக்காது. விறகும் கம்மியாத்தான் ஆகும்" என்றேன்.

"எல்லாஞ் சரிதேன் சேவிகாம்மா. பொகை எங்கிட்டுப் போகும்?"

"வெளிய போயிரும்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். குழாய்க்கு எந்த இடத்தில் ஓட்டைப் பிரிப்பது என்று யோசிக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

"சரி, கட்டுங்க" என்றார்.

கொத்தனார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் திரும்பி வந்த குடும்பத்துக்காரர். கைசுத்தமான வேலைக்காரர். தாளில் இருந்த படத்திலிருந்து விரற்கடை விலகாமல் கட்டினார். எங்கள் ஒன்றிய ஆணையாளர் ஜீப்பில் வந்து, அந்த அடுப்பில் பால் பொங்கவைத்துத் திறந்துவைத்தார். போட்டோ எடுத்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஊரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு அடுப்புகள் கட்டி முடித்தோம்.

நடுவில் மழையும் மூட்டமுமாக மாதங்கள் போயின. மூன்று மாதம் கழித்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் பூண்டிக்குப் போனேன். அக்கா வீட்டின் ஓட்டுச் சந்துகளிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. குழாய் உடைந்திருக்கும் என்று நினைத்தேன். உடைந்துதான் இருந்தது. ஆனால் அது தானாக உடையவில்லை.

"கோவிச்சுக்கிராதீங்க சேவிகாம்மா. கடப்பாறைய வச்சு நாந்தேன் இடிச்சேன்" என்றார் அக்கா.

"ஏங்க்கா?"

அவர் முக்காலியைப் போட்டு ஏறினார். அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பிளாச்சுகளால் கட்டிய பரண் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். பரணைப் பார்த்திருக்கிறேன். ஏதோ தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கிற இடம் என்று விட்டுவிட்டேன். அக்கா அதிலிருந்து காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டிய ஒரு பூண்டுக் கொத்தை இறக்கி என் கையில் கொடுத்தார். ஒரு பல்லை விரலால் அழுத்தினேன். உள்ளே ஒன்றுமில்லை. கறுப்புப் பொடியாக உதிர்ந்தது.

"இம்புட்டும் வெதைப் பூண்டு. பொகை படாமக் கெடந்துச்சு, இந்த மூட்டத்துல பூசணம் பிடிச்சுப்போச்சு. எங்களுக்கு அடுப்பு சோறாக்க மட்டுமில்ல சேவிகாம்மா. அந்தப் பொகையிலதேன் வெதை கெடாம நிக்கும்."

"கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீங்க அதக் கேக்கலையே. கவர்மெண்டு அடுப்பு. வேணாம்னு சொன்னா நாளைக்கு எதுக்காச்சும் ஆபீசுக்கு வந்தா வெரட்டிவிட்டுருவாகன்னு எங்க வீட்டுக்காரரு பயந்தாரு. சரி, கொஞ்சநாப் பாப்பம்னு விட்டோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தேறிய விதையை வைத்து அந்தப் போகத்தில் அவர்கள் பாதி நிலத்தில்தான் பூண்டு ஊன்றினார்கள். மீதி சும்மா கிடந்தது.

மற்ற வீடுகளுக்கும் நடந்தேன். ஒரு வீட்டில் அடுப்பின் மேல் பலகை போட்டுத் தண்ணீர்க்குடம் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில், நான் தெருவில் வருவதைப் பார்த்துவிட்டு, புது அடுப்பின் வாயில் வெரசாக நாலு குச்சியைக் கொளுத்தி வைத்தார்கள். விறகு வாய் சின்னதாக இருக்கிறது, சீகைக் கட்டை நுழையவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியார் குடியிருந்த வீட்டில் மட்டும் அடுப்பு நன்றாக எரிந்தது. ஊரிலேயே பூண்டு போடாத வீடு அது ஒன்றுதான். வாத்தியாரின் மனைவி எனக்கு நன்றி சொல்லிக் காப்பி கொடுத்தார்.

பதிவேட்டில் வாத்தியார் வீட்டுக்கு ஆம் என்றும் மற்றவற்றுக்கு இல்லை என்றும் எழுதி ஆணையாளர் மேசையில் வைத்தேன். சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது? மாவட்டம் பூராவும் ஆம்னு வருது. நீ மட்டும் இல்லைங்கிற."

நடந்ததைச் சொன்னேன்.

"சரி. ஆனா காரணம் எழுத இதுல கட்டமே கெடையாதே."

"தனித்தாள்ல எழுதித் தரேன் சார்."

"உனக்கு எதுக்கும்மா இந்தச் சோலி? பழுதுன்னு எழுதி, ரிப்பேர் பண்ணியாச்சுன்னு முடிச்சிரலாம்."

"பூண்டிக்கு இன்னும் முப்பது அடுப்பு வந்திருக்கு சார். அதையும் கட்டுவோம். அதையும் இடிப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, அவ்வளவுதான்.

"எழுது. ஒரு பக்கத்துக்கு மேல போகாத. போனா யாரும் படிக்க மாட்டாங்க."

ஒரு பக்கத்தில் எழுதினேன். அவர் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இலக்கு ஏன் எட்டப்படவில்லை என்று என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் சொன்னால் ஊருக்கே திரும்பி வந்துவிடு என்பார்கள் என்று சொல்லவில்லை. அந்த வாரம் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. முதலில் அனுப்பிய ஒரு பக்கத்தையே மறுபடி எழுதி, கீழே 'நேரில் வந்து பார்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்' என்று சேர்த்து அனுப்பினேன். அந்த வரியைச் சேர்க்கத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நேரில் வந்தார்கள். வந்தவர், மாவட்டத் தலைமையிடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த திட்ட அலுவலர். நாற்பது வயதிருக்கும், பொறியியல் படித்தவர். மலை வளைவுகளில் தலைசுற்றி, முகம் வெளுத்துப்போய் ஜீப்பிலிருந்து இறங்கினார். அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, அடுப்பு எப்போது பற்றவைப்பீர்கள் என்பது.

"வெள்ளனே, கோழி கூப்பிடவும் பத்தவைப்பம் சார்."

"அப்ப நாளைக்கு அந்நேரம் வரேன்" என்றார். பக்கத்திலிருந்த வன விடுதியில் தங்கிவிட்டு, சொன்னபடி விடியும்போது வந்து அடுப்படியில் ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தார். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். அவர் எதையும் விளக்கவில்லை, கேள்வியும் அதிகம் கேட்கவில்லை. எந்தக் கட்டை எவ்வளவு நேரம் எரிகிறது, எப்போது தீயைத் தணிக்கிறார்கள், பரணில் எந்தப் பக்கம் கொத்துகளைத் தொங்கவிடுகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு துண்டை நீட்டினார்.

மத்தியானம் வெளியே வந்ததும் திட்ட அலுவலர் என்னிடம், "நாம பொகையக் குப்பைன்னு நெனச்சு வரைஞ்சிருக்கோம்மா. இங்க அது சாமான்" என்றார்.

அந்தப் பருவத்தில் பூண்டியில் புதிதாக அடுப்பு கட்ட வேண்டாம், மூன்று வீடுகளில் மட்டும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். ஆணையாளர் இலக்கை நினைவுபடுத்தினார்.

"முப்பது வீட்ல இடிக்கிறதுக்கு, மூணு வீட்ல கெட்டுப்போகட்டும் சார். நான் எழுதித் தரேன்" என்றார் திட்ட அலுவலர். எழுதியும் கொடுத்தார்.

முதலில் அவர் வரைந்தபடி கட்டினோம். குழாயைக் கூரைக்கு வெளியே விடாமல் பரணுக்குள் திருப்பி, பரணைச் சுற்றிப் பலகை அடித்து மண் பூசி ஒரு பெட்டி மாதிரி மூடினோம். பெட்டியின் மேல்முனையில் புகை வெளியேற ஒரு துவாரம். அடுப்படியில் புகை இருக்காது, பரணில் இருக்கும் என்பது கணக்கு. முதல் நாள் புகை முழுவதும் அடுப்பின் வாய் வழியாகவே திரும்பி வந்து எங்கள் எல்லோரையும் தெருவுக்கு விரட்டியது. துவாரத்தைப் பெரிதாக்கினோம். இப்போது புகை மேலே போனது, கூடவே சூடும் போனது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் குழாய்ப் பக்கத்துக் கொத்துகள் வெந்திருந்தன. அக்கா ஒரு பல்லை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரசத்துக்கு ஆகும். வெதைக்கு ஆகாது" என்றார்.

திட்ட அலுவலர் அடுத்த முறை வந்தபோது அக்கா அவரிடமே கேட்டார். "சார், சோறு கொதிக்கையில தீ திகுதிகுன்னு எரியும்ல, அப்ப வர்ற பொகை எங்களுக்கு வேணாம். அது சூடு. ஆக்கி முடிச்சுத் தீயத் தணிச்சப்பொறம் கட்டை புகைஞ்சுக்கிட்டுக் கெடக்கும், அந்தப் பொகைதேன் வெதைக்கு நல்லது. சூட்டுப் பொகைய வெளிய விட்டுப்புட்டு, இத மட்டும் உள்ள விட முடியாதுங்களா?"

அவர் நோட்டை மூடிவிட்டு அக்காவையே பார்த்தார். பிறகு கொத்தனாரைப் பார்த்தார்.

"ஒரு குழாய்ல ரெண்டு வழி வைக்க ஏலாதுங்க" என்றார் கொத்தனார்.

கொத்தனார் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தார். பாதியிலேயே அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"தோட்டத்து ஃபேக்டரில கொழுந்து காயவைக்கிற சூட்டுக்குத் தகரத்துல ஒரு கதவு இருக்குங்க. இழுத்தா அங்கிட்டுப் போகும், தள்ளினா இங்கிட்டுப் போகும். எங்க அப்பா அதுலதான் வேலை. அது மாதிரி ஒண்ணு செருகலாம். விளங்குதுங்களா?"

எங்களுக்கு விளங்கியது. மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டித் தகடாக்கி, குழாயைக் கூரைக்கு மேல் நீட்டி, பரணுக்கு ஒரு கிளை விட்டு, அது பிரியும் இடத்தில் பிளவு எடுத்துச் செருகினார். தகட்டைத் தள்ளினால் புகை கூரைக்கு மேலே போய்விடும். இழுத்தால் பரணுக்குள் திரும்பும். சமைத்து முடித்ததும் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். விறகு வாயையும் சீகைக் கட்டை நுழைகிற அளவுக்கு அகலமாக்கினார்.

மூட்டம் மறுபடி இறங்கி, போய், வெயில் வந்தது. மூன்று வீட்டுப் பரண்களிலிருந்தும், பழைய அடுப்பே இருந்த ஒரு வீட்டிலிருந்தும் கொத்துகளை இறக்கித் தெருவில் சாக்கில் பரப்பினோம். திட்ட அலுவலர் பேனாக்கத்தியால் பல் பல்லாக அறுத்துப் பார்த்தார். அக்கா வீட்டுப் பூண்டு பழைய அடுப்புப் பூண்டைப் போலவே கெட்டியாக இருந்தது. இரண்டாவது வீட்டில் கொஞ்சம் போயிருந்தது. அங்கே தகடு உயரத்தில் இருந்ததால் வீட்டுக்காரம்மாவுக்கு எட்டவில்லை, பல நாள் இழுக்காமலே விட்டிருக்கிறார். மூன்றாவது வீட்டில் தகரம் துருப்பிடித்து இறுகிப்போய், பாதி விதை வீண். அந்த வீட்டுக்கு அக்காவே தன் விதையில் பங்கு கொடுத்தார். நான் கேட்டு நடந்ததல்ல.

மூன்றையும் அப்படியே எழுதச் சொன்னார் திட்ட அலுவலர்.

"மூணாவது வீட்டையுமா சார்?"

"அதைத்தாம்மா மொதல்ல எழுதணும்."

அக்காவின் கண் சிவப்பு குறைந்திருந்தது. நானே அவர் அடுப்படியில் அரைமணி நேரம் கண்ணைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் எழுதச் சொல்லவில்லை. நானாகக் கடைசி வரியில் சேர்த்தேன்.

பிறகு மாவட்டத் தலைமையிடத்தில் ஒரு கூட்டம். திட்டத்தைப் பரிசீலிக்க மாநிலத்திலிருந்து வரும் பெரிய அதிகாரிகளும் இருப்பார்கள் என்றார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பயம். அக்காவும் வந்தால் நல்லது என்றேன். ஆணையாளர் என்ன நினைத்தாரோ, தன் ஜீப்பிலேயே எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழி நெடுக அக்கா மடியில் ஒரு பூண்டுக் கொத்தை வைத்திருந்தார். ஜீப் முழுக்க அந்த வாசனை.

நான் பேசி முடித்ததும் ஓர் அதிகாரி அக்காவைப் பார்த்து, "ஏம்மா, கவர்மெண்டு குடுத்த அடுப்பை இடிச்சிட்டியாமே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அக்கா எழுந்து நின்றார். "அடுப்பக் கவர்மெண்டு குடுத்துச்சுங்க. வெதைப் பூண்டக் கவர்மெண்டு குடுக்கலைங்களே."

சிலர் சிரித்தார்கள். இன்னொருவர், "ஊருக்கு ஒரு விதமா அடுப்புன்னா நாங்க எப்படி ஆர்டர் போடுறது?" என்று கேட்டார். அது அக்காவிடம் கேட்டதில்லை, திட்ட அலுவலரிடம் கேட்டது. ஆனால் அக்காவே பதில் சொன்னார்.

"ஆர்டரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கட்டுறதுக்கு மின்ன ஒருக்கா அடுப்படில வந்து உக்காந்து பாக்கச் சொல்லுங்க. அந்த சார் உக்காந்தாருல்ல, அது மாதிரி."

திட்ட அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள். திட்ட அலுவலருக்கும் சில மாதங்களில் மாற்றல் வந்தது. அவர் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த நிதியாண்டில் சைக்ளோஸ்டைல் எடுத்த ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு கிராமத்தில் இலக்கு முழுவதையும் கட்டுவதற்கு முன், மூன்று வீடுகளில் கட்டி, ஒரு பருவம் பார்த்து, வீட்டுப் பெண்களின் கருத்தைக் கேட்டு, அளவுகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. பதிவேட்டிலும் இல்லை என்பதற்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் வந்தது. யார் சொல்லி வந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. ஆணையாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "ஒரு பக்கத்துக்குள்ளயே முடிச்சிருக்காங்க, பாத்தியா?" என்றார்.

பூண்டியில் அந்த ஆண்டு கட்டியவற்றில் பாதிக்கு மேல் நின்றன. மீதிப் பேர் பழைய அடுப்பே போதும் என்றார்கள். அதையும் புதுக் கட்டத்தில் எழுதினேன்.

அடுத்து வடகவுஞ்சி. சுற்றறிக்கை கையில் இருந்ததால் இந்த முறை படத்தை விரிக்காமல் கொத்தனாரோடு போய் முதல் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். பூண்டியைவிடத் தாழ்வான ஊர் அது. வாழையும் காப்பியும் இருந்தன. பரணில் பழைய பாய்தான் கிடந்தது. இருந்தாலும் பூண்டியில் செய்த தகரக் கதவைப் பற்றி ஆசையாகச் சொன்னேன். வீட்டுக்காரப் பெண் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எங்களுக்குப் பரணெல்லாம் எதுக்குங்க? பொகை போனாப் போகட்டும். காட்டு வேலைக்குப் போயிட்டு வந்தா மேலுக்கு ஊத்தச் சுடுதண்ணி இருக்காது. அதுக்குன்னு திருப்பியும் ஒருக்கா அடுப்பு மூட்ட வேண்டியிருக்கு. சும்மா வெளிய போற அந்தச் சூட்டுல தண்ணி காயுமா, அதச் சொல்லுங்க."

நான் கொத்தனாரைப் பார்த்தேன். அவர் கொல்லைப் பக்கம் கிடந்த ஒரு தகர டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, குழாய் வரும் இடத்துக்கும் அதற்கும் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.